வீட்டுக்கும் வெளிப்பயணத்துக்கும் கத்தி தீட்டும் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவி வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கத்தி தீட்டுவதில் நடப்பது ஒரே ஒரு வேலைதான். அலகின் இரண்டு பக்கச் சரிவுகளும் ஒரே கோட்டில் சந்திக்கும்வரை எஃகைத் தேய்த்து எடுக்கிறோம். சரிவு என்பது விளிம்பை ஒட்டி இருபுறமும் பளபளப்பாகத் தெரியும் குறுகிய பட்டை. மழுங்கிய கத்தியில் இந்தச் சரிவுகள் சந்திக்கும் இடம் உருண்டுபோயிருக்கும், அல்லது ஒரு பக்கமாக மடிந்திருக்கும்.

அதைத் திரும்பக் கூராக்க இரண்டு பொருத்தங்கள் வேண்டும். தேய்க்கும் பொருள் எஃகை விடக் கடினமாக இருக்க வேண்டும். முதல் இழுப்பு முதல் கடைசி இழுப்பு வரை கோணம் மாறாமல் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இரண்டாவது பொருத்தத்தை எப்படித் தருகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. சாதாரணக் கல்லில் கோணத்தை உங்கள் கை பிடிக்கிறது, கவ்வி வைத்த கருவியில் ஒரு கம்பி பிடிக்கிறது, மின்கருவியில் பிளாஸ்டிக் பிளவு பிடிக்கிறது. ஆகவே "எது சிறந்தது" என்று தொடங்காமல், கோணத்தை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும்?

கத்தி விளம்பரங்களில் சொல்லப்படும் டிகிரி ஒரு பக்கத்துக்கா, இரு பக்கமும் சேர்த்தா என்று முதலில் பாருங்கள். இந்தக் குழப்பத்தால் பாழான விளிம்புகள் ஏராளம். இங்கே குறிப்பிடுவதெல்லாம் ஒரு பக்கக் கோணம்.

மெல்லிய, கடினமான ஜப்பானியச் சமையலறைக் கத்திகளுக்கு 10 முதல் 15 டிகிரி. ஐரோப்பிய வகைச் சமையலறைக் கத்திகளுக்கு 15 முதல் 20. முகாமில் விறகு சீவவும் கயிறு அறுக்கவும் பயன்படும் கத்திக்கு 20 முதல் 25. கோடரிக்கு 20 முதல் 30 வரை, அது மரம் வெட்டவா பிளக்கவா என்பதைப் பொறுத்து. கோணம் குறையக் குறைய வெட்டு எளிதாகும், விளிம்பு பலவீனமாகும்.

கல்லில் கோணத்தை அளக்கக் கருவி ஏதும் தேவையில்லை. அலகின் அகலத்தை அளந்து, 15 டிகிரிக்கு 0.26 ஆலும் 20 டிகிரிக்கு 0.34 ஆலும் பெருக்குங்கள். கத்தியின் முதுகு கல்லிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள சமையலறைக் கத்திக்கு 15 டிகிரியில் ஏறக்குறைய 11.7 மில்லிமீட்டர், 20 டிகிரியில் 15 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள முகாம் கத்திக்கு 20 டிகிரியில் 8.5 மில்லிமீட்டர்தான். இந்த உயரத்தைக் கண் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

ஏற்கெனவே இருக்கும் கோணத்தைத் தொடர விரும்பினால் இன்னும் எளிது. சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மை விளிம்பை ஒட்டி மட்டும் அழிந்தால் முதுகை அதிகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். சரிவின் மேல்பகுதியில் மட்டும் அழிந்தால் தாழ்த்தியிருக்கிறீர்கள். முழுதும் அழிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். எந்தக் கருவி வாங்கினாலும், விலை உயர்ந்த கவ்விக் கருவி உட்பட, இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்காதீர்கள்.

தண்ணீர்க்கல், எண்ணெய்க்கல், வைரத் தகடு, பீங்கான்: எதை வாங்குவது?

தண்ணீர்க்கல் வேகமாக வெட்டும். காரணம், அதன் பிணைப்பு மென்மையானது. மழுங்கிய துகள்கள் உதிர்ந்து புதியவை மேலே வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது குழிந்தும் போகும். குழிந்த கல்லில் கோணம் நிலைக்காது. அவ்வப்போது மட்டப்படுத்த வேண்டும். சில கற்களைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். சிலவற்றுக்கு மேலே தண்ணீர் தெளித்தால் போதும். மக்னீசியா பிணைப்புள்ள கற்களை நீண்ட நேரம் ஊறவைத்தால் கல்லே சீர்குலையும். கல்லின் உறையில் எழுதியிருப்பதைப் படிக்கச் சோம்பல்படும் பகுதி இதுதான், ஆனால் படிக்க வேண்டிய பகுதியும் இதுதான்.

எண்ணெய்க்கல் மெதுவாக வெட்டும், மெதுவாகத் தேயும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வெட்டியெடுக்கப்படும் நோவாகுலைட் கல் இந்த வகையில் பெயர் பெற்றது. மென்மையான எஃகுக்கு நன்றாக இருக்கும், கடினமான நவீன எஃகில் திணறும். மெல்லிய கனிம எண்ணெயைப் பயன்படுத்துங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

வைரத் தகடு என்பது எஃகுத் தகட்டின் மேல் நிக்கலால் வைரத்துகள்களைப் பதித்த பலகை. குழியாது, ஊறவைக்க வேண்டாம், எந்த எஃகையும் வெட்டும். தண்ணீர் தெளித்தோ உலர்ந்தபடியோ பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை, அழுத்தக் கூடாது. அழுத்தினால் வைரத்துகள்கள் பிடுங்கிக்கொண்டு வரும், தகடு வீணாகும். புதுத்தகடு ஆரம்பத்தில் குறிப்பிட்டதை விடக் கரடாகக் கீறும். சில கத்திகளைத் தீட்டியபின் அடங்கிவிடும். அதனால் உங்களிடம் உள்ள மிக நல்ல கத்தியைப் புதுத்தகட்டில் முதலில் வைக்காதீர்கள்.

பீங்கான் கல்லும் கோலும் மிகக் கடினமானவை, தேயாதவை. பெரும்பாலும் மெருகேற்றத்தான் பயன்படும். எஃகுத்துகள் அப்பிக் கறுத்துப்போனால் பாத்திரம் தேய்க்கும் பொடியால் தேய்த்துக் கழுவினால் திரும்ப வெட்டும்.

இவற்றில் ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னால் நான் வைரத் தகட்டைத்தான் சொல்வேன். தண்ணீர்க்கல்லின் மேல் கத்தி வழுகும் அந்த உணர்வுக்கு ஈடு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மட்டப்படுத்தும் வேலையைத் தொடர்ந்து செய்கிறவர்கள் குறைவு.

கிரிட் எண் எதைச் சொல்கிறது? எத்தனை கற்கள் தேவை?

கிரிட் என்பது தேய்க்கும் துகளின் அளவைக் குறிக்கும் எண். அது உயர உயரத் துகள் நுண்மையாகும். அதற்கு மேல் அந்த எண்ணை நம்ப வேண்டாம், ஏனெனில் ஒரே எண் ஒவ்வொரு தரமுறையிலும் வேறு அளவைக் குறிக்கும். ஜப்பானிய முறையில் 1000 என்பது சுமார் 11 முதல் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐரோப்பிய முறை உப்புத்தாளில் பி1000 என்பது சுமார் 18 மைக்ரான். டிஎம்டி நிறுவனத்தின் வைரத் தகடுகளில் 325 என்பது 45 மைக்ரான், 600 என்பது 25, 1200 என்பது 9. வெவ்வேறு வகைகளை ஒப்பிடும்போது மைக்ரான் அளவைப் பாருங்கள்.

எத்தனை என்ற கேள்விக்குப் பதில் பலருக்கு ஏமாற்றம் தரும்: இரண்டு. விளிம்பு பெயர்ந்த, நெடுநாள் தீட்டாத கத்திக்கு 300 முதல் 400 அளவில் ஒன்று. வழக்கமான தீட்டலுக்கு 1000 அளவில் ஒன்று. இரண்டும் முன்னும் பின்னுமாக ஒட்டிய கற்களும் கிடைக்கின்றன. 8000 கிரிட்டில் கண்ணாடிபோல் மின்னும் விளிம்பு பார்க்க அழகுதான். ஆனால் தோல் வழவழப்பாக உள்ள காய்களையும் நார்க்கயிற்றையும் கொஞ்சம் கரடான, பல் உள்ள விளிம்புதான் சட்டெனப் பற்றிக்கொண்டு வெட்டும். பலருடைய ஏமாற்றத்துக்கு நுண்கல் இல்லாதது காரணமே இல்லை. 1000-இல் வேலை முழுமையாக முடிவதற்குள் அடுத்த கல்லுக்குத் தாவிவிடுவதுதான் காரணம்.

வேலை முடிந்ததை எப்படி அறிவது?

பிசிரை வைத்து. ஒரு பக்கம் தீட்டும்போது எஃகு மறுபக்கம் மெல்லிய இழையாக மடிந்து எழும். அதுதான் பிசிர். மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே வருடினால் (விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் வருடாதீர்கள்) நகத்தில் தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்துக்கும் பிசிர் எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கத்தையும் அதேபோல் தீட்ட வேண்டும். பிசிர் எழாத இடம் இன்னும் மழுங்கல்தான், எத்தனை முறை இழுத்திருந்தாலும் சரி.

எழுப்பிய பிசிரை நீக்குவது இரண்டாவது கலை. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் படும்படி, பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வோர் இழுப்பு. பிசிர் நீங்காத கத்தி தீட்டிய அன்று அற்புதமாக வெட்டும், சீக்கிரமே மழுங்கும். "என் கத்தியில் கூர் நிற்பதே இல்லை" என்கிறவர்களில் பலருக்கு இதுதான் கதை.

சோதிக்க ஒரு தாள் போதும். அச்சுத்தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து வெட்டுங்கள். தடங்கலின்றி வெட்டினால் சமையலறைக்கும் முகாமுக்கும் தாராளம். எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிரோ மழுங்கலோ மிச்சம் இருக்கிறது.

கவ்வியும் கம்பியும் உள்ள வழிகாட்டிக் கருவிகள் தேவையா?

கையால் பழகப் பொறுமை இல்லாதவர்களுக்கும், ஒரே கோணம் துல்லியமாக வேண்டும் என்கிறவர்களுக்கும் மிக நல்லவை. லான்ஸ்கி, கேஎம்இ, விக்கெட் எட்ஜ் போன்றவை அலகைக் கவ்வியில் பிடித்து, கம்பியில் மாட்டிய கல்லை ஒரே கோணத்தில் ஓடவிடுகின்றன. எட்ஜ் புரோவில் கவ்வி இல்லை, கத்தியை மேடையில் வைத்துக் கையால் பிடிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, கருவியில் பொறித்திருக்கும் டிகிரி ஒரு தோராயம். லான்ஸ்கி கவ்வியில் 17, 20, 25, 30 என நான்கு துளைகள் இருக்கும். ஆனால் உண்மைக் கோணம் விளிம்பு கவ்வியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அகலமான அலகில் விளிம்பு தள்ளிப்போவதால் கோணம் குறையும்.

இரண்டாவது, நேரான விளிம்பு முழுவதும் கோணம் மாறாது. நுனியை நோக்கி வளையும் பகுதியில்தான் மாறும். அதனால் கவ்வியை எங்கே மாட்டுகிறோம் என்பது நுனியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒருமுறை சரியான இடம் கிடைத்ததும் அதைக் குறித்து வையுங்கள், அடுத்த முறையும் அங்கேயே மாட்டலாம்.

நீளமான சமையலறைக் கத்தியை இரண்டு முறை மாற்றிக் கவ்வ வேண்டியிருக்கும். மிக மெல்லிய அலகு கவ்விக்கு வெளியே வளையும். ஆறேழு சமையலறைக் கத்திகளை வாரம்தோறும் தீட்டுகிறவருக்கு இது அலுப்பான வேலை. ஓரிரு மடக்குக் கத்திகளை மாதம் ஒருமுறை தீட்டுகிறவருக்குத் தியானம்.

இவற்றுக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்பது இரண்டு கோல்களை வி வடிவில் நிறுத்தும் கருவி. ஸ்பைடெர்கோவின் ஷார்ப்மேக்கரில் முக்கோணப் பீங்கான் கோல்களை ஒரு பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரியில் நிறுத்தலாம். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இறக்கினால் போதும், யாருக்கும் கைவரும். கூர் சற்றே குறைந்த கத்திக்கு இதைவிட வசதியானது இல்லை. முழுதும் மழுங்கிய கத்தியை இதில் சீராக்க முயன்றால் பொழுது போய்விடும். ஹார்ல் போன்ற உருளைக் கருவிகளில் கத்தி காந்தத்தில் நிற்கும், வட்டு உருளும். அவையும் பயன்படுத்த எளியவை, ஆனால் சின்னக் கத்திகளுக்கும் அகலம் குறைந்தவற்றுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது.

பிளவில் விட்டு இழுக்கும் சின்னக் கருவி போதாதா?

போதாது. கார்பைடு தகடுகள் உள்ளவை எஃகைத் தேய்ப்பதில்லை, சுரண்டிப் பிய்க்கின்றன. விளிம்பு நெடுக நுண்ணிய கிழிசல்கள் விழும், கோணத்தை மாற்ற முடியாது, கடினமான கத்தியில் சில்லுச் சில்லாகப் பெயரும். சில ஆண்டுகள் இழுத்த கத்தியின் அடிப்பகுதியில் உட்குழிவு விழுந்து, வெட்டும் பலகையில் ஓர் இடம் படாமலே போகும். மலிவான மென்மையான கத்தி ஒன்றே ஒன்று வைத்திருப்பவர், வேறெதையும் கற்கப்போவதில்லை என்பவர் பயன்படுத்தலாம். அந்தக் கத்திக்கு அது போதும்.

மின்சாரக் கருவிகள் எப்படி?

வேகம் அவற்றின் பலம், சூடு அவற்றின் பலவீனம். கத்தியின் எஃகு குறிப்பிட்ட வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டிருக்கிறது. விளிம்பு அதற்கு மேல் சூடானால் பதம் போய்விடும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. எஃகு நீலம் பாரித்தால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் எட்டிவிட்டது என்று பொருள். ஆனால் விளிம்பின் நுனி மிக மெல்லியது. நிறம் மாறாமலேயே அங்கே மட்டும் பதம் போகலாம்.

சுவீடனின் டார்மெக் போன்ற, தண்ணீரில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் சக்கரங்களில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அவை பெரியவை, விலை அதிகம். பெல்ட் சாணையைப் பயன்படுத்தினால் குறைந்த வேகம், லேசான தொடுகை, ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் அலகைத் தொட்டுப் பார்ப்பது என்று போங்கள். நுனி பெல்ட்டை எட்டியதும் இழுப்பை நிறுத்திவிடுங்கள்; பெல்ட்டைத் தாண்டி வெளியே இழுத்தால் நுனி உருண்டுவிடும்.

கத்தியோடு சேர்த்து விற்கும் நீண்ட இரும்புக்கோல் எதற்கு?

அது மடிந்த விளிம்பை நிமிர்த்துவதற்கு. தீட்டுவதற்கு மாற்றாகாது. ராக்வெல் என்ற எஃகுக் கடின அளவுகோலில் 54 முதல் 58 வரை உள்ள ஐரோப்பிய வகைக் கத்திகளின் விளிம்பு மடியும் இயல்புடையது. அவற்றுக்கு வாரத்தில் சில முறை லேசாக இழுத்தால் கல்லுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். 60-க்கு மேற்பட்ட கடினக் கத்திகளின் விளிம்பு மடியாது, பெயரும். அவற்றை வரிபோட்ட இரும்புக்கோலில் வைக்காதீர்கள். நுண்ணிய பீங்கான் கோலோ தோல்வாரோ சரி.

தோல்வார் அவசியமா?

அவசியமில்லை, ஆனால் செலவுக்கு மேல் பலன் தருவது. மரத்துண்டில் ஒட்டிய தோலின் மேல் பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்து, கத்தியின் முதுகு முன்னால் செல்லும்படி இழுக்க வேண்டும். மிச்சமிருக்கும் பிசிர் போகும், விளிம்பு மெருகேறும். முடிவில் முதுகைத் தூக்கித் திருப்பாதீர்கள். விளிம்பு உருண்டு போகும்.

வெளிப்பயணத்துக்கு எதை எடுத்துச் செல்வது?

உள்ளங்கையில் அடங்கும் வைரத் தகடு. தண்ணீர்க்கல்லை வீட்டில் விட்டுவிடுங்கள். எடையும் உடையும் அபாயமும் ஒருபுறம் இருக்க, குளிர்ப்பகுதியில் ஈரக்கல் உறைந்தால் வெடித்துவிடும். சுவீடனின் ஃபால்க்னிவென் நிறுவனத்தின் டிசி4 ஒரு பக்கம் 25 மைக்ரான் வைரமும் மறுபக்கம் பீங்கானும் கொண்டது. சட்டைப்பையில் வைக்கலாம். கோணத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒர்க் ஷார்ப் நிறுவனத்தின் வழிகாட்டிக் களக்கருவி பொருந்தும். அதில் 20 டிகிரி சரிவுத் தாங்கிகள், இரண்டு வைரத் தகடுகள், பீங்கான் கோல், தோல் எல்லாம் ஒரே துண்டில் உண்டு.

முகாம் கத்தியின் வடிவத்தையும் பாருங்கள். ஸ்காண்டி வகைக் கத்தியில் சரிவு அகலமாக, அலகின் நடுவரை எழும்பியிருக்கும். அதைக் கல்லில் தட்டையாகப் படுக்கவைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். வழிகாட்டிக் கருவியே வேண்டாம். புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கத்தி கிடையாது.

கோடரிக்கு வட்டமான இருபக்கக் கல் வசதி. கோடரியை அசையாமல் தாங்கவைத்து, கல்லைச் சிறு வட்டங்களாக ஓட்ட வேண்டும். கையுறை அணியுங்கள். கோடரியின் எஃகு மென்மையாக இருப்பதால் பெரிய சேதத்தை அரத்தாலேயே சரிசெய்யலாம். கத்தியில் அரத்தை வைத்தால் பெரும்பாலும் வழுக்கும்.

எதுவும் கையில் இல்லாவிட்டால்?

பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் தெரியும், அதில் தீட்டலாம். தட்டையான பலகையில் சுற்றிய உப்புத்தாளும் நல்ல கல்தான். ஆனால் கத்தியைத் தாள்மேல் முதுகு முன்னால் செல்லும்படி மட்டும் இழுங்கள், இல்லையென்றால் தாள் கிழியும். ஆற்றங்கரைக் கல்லில் தீட்டலாமா என்று கேட்கிறார்கள். நுண்மையான, மட்டமான மணற்கல் கிடைத்தால் தீட்டலாம். அப்படி ஒன்றைத் தேடும் நேரத்தில் மழுங்கிய கத்தியாலேயே வேலையை முடித்துவிடலாம்.

வனேடியம் அதிகமுள்ள நவீன எஃகுக்கு எந்தக் கல்?

வைரம். எஸ்30வி, எஸ்90வி போன்ற எஃகுகளில் வனேடியம் கார்பைடு துகள்கள் உள்ளன. சாதாரணக் கற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடை விட அவை கடினமானவை. அந்தக் கற்கள் கார்பைடுகளைச் சுற்றியுள்ள எஃகை மட்டும் தேய்த்துவிட்டு அவற்றை விட்டுவிடும். "இந்த எஃகைத் தீட்டவே முடியவில்லை" என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் கல்தான். சிர்கோனியாவால் செய்த வெண்பீங்கான் கத்திக்கும் நுண்ணிய வைரம்தான், அதுவும் மிக மெதுவாக.

பற்கள் உள்ள கத்தியை?

நுனி மெலிந்த வைர அல்லது பீங்கான் கோலால், ஒவ்வொரு குழிவையும் தனித்தனியாக, சரிவு உள்ள பக்கத்தில் மட்டும். மறுபக்கம் எழும் பிசிரைத் தட்டையான கல்லில் ஓரிரு இழுப்பில் நீக்கலாம்.

வீட்டுக்கும் வெளியேயும் ஒரே கருவி போதுமா?

போதும், ஆனால் அப்போது சமரசம் வீட்டின் பக்கம் விழும். கைக்கடக்கமான தகட்டில் 20 சென்டிமீட்டர் சமையலறைக் கத்தியைத் தீட்டுவது முடியாததல்ல, பொறுமையைச் சோதிப்பது. வீட்டில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள இருபக்க வைரத் தகடும் ஒரு தோல்வாரும், பையில் சின்னத் தகடும் என்று பிரித்தால் இரண்டு இடத்திலும் நிம்மதி. கோணத்தைக் கை பிடிக்காது என்று உறுதியாகத் தெரிந்தவர் வீட்டுக்கு வி வடிவக் கோல் கருவியை வாங்கட்டும். அதற்கு வைரக் கோல்களும் கிடைக்கின்றன. மழுங்கிய கத்திக்கு அவை தேவைப்படும்.

கல் குழிந்துவிட்டது. எப்படி மட்டப்படுத்துவது?

கல்லின் மேல் பென்சிலால் கட்டங்கள் வரையுங்கள். கண்ணாடிப் பலகையில் ஒட்டிய 220 அளவு நீர்த்தாங்கும் உப்புத்தாளிலோ கரடான வைரத் தகட்டிலோ தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழிந்ததும் கல் மட்டம். ஓரங்களை 45 டிகிரியில் லேசாகத் தேய்த்துவிட்டால் சில்லுப் பெயராது. பிறகு நிழலில் காயவையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் சில கற்கள் விரிசல் விடும்.